தாயம்மாவின் பன்னிரண்டு அடி

தாயம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. மகனுக்கு வட்டுகோலாத் தங்கச் சுரங்கத்தில் வேலை. தீவுத் தலைநகர் சுவாவை ஒட்டிய நகாசி வீட்டில் அவளும் மருமகள் ரஜ்னீதாவும்தான். பக்கத்து வீட்டுப் பல்ராம், செத்துப்போன புருஷனின் தம்பி. வேன் வைத்திருந்தான்.

இரண்டாயிரமாம் ஆண்டில் கலகக்காரர்கள் ஆட்சியைக் கவிழ்த்துச் சுவாவில் இந்தியர் கடைகளைக் கொளுத்திய வாரம், தாயம்மாவுக்கு நிமோனியா கண்டு மூச்சு இழுத்தது. சுவா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ரஜ்னீதா ஓடிப்போய்ப் பல்ராமை அழைத்துவந்தாள். அவன் வாசற்படி தாண்டவில்லை.

"வழியில கல்லடிக்கிறாங்க அண்ணி. வேன் போச்சுன்னா யார் குடுப்பா?"

அன்று சாயங்காலமே அதே வேனில், அதே வழியில், திருட்டுப் பயத்தில் தன் வாஷிங் மெஷினைச் சுவாவிலிருந்த மாமனார் வீட்டுக்கு ஏற்றிப்போனான். தாயம்மா படுத்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மூன்றாம் நாள் விஷயம் தெரிந்து, அடுத்த தெரு நிசாம் டாக்ஸியோடு வந்தபோது பாதி உயிர்தான் மிச்சம்.

ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாயோடு பதினெட்டு நாள். வீடு திரும்பியபோது கால்கள் துவண்டு கிடந்தன. காலையும் மாலையும் நாற்காலியிலிருந்து பத்துமுறை எழுந்து உட்காரச் சொல்லியிருந்தார்கள். முதல் வாரம் ஒருமுறைகூட முடியவில்லை.

பிறகு செய்தி வந்தது: பல்ராமுக்கு ஆக்லாந்து விசா கிடைத்துவிட்டது, அக்டோபரில் பயணம். மூத்தவள் காலில் விழுந்து திருநீறு வாங்காமல் அந்தக் குடும்பத்தில் யாரும் கடல் தாண்டியதில்லை. வருவான்.

அன்றிலிருந்து எண்ணி எண்ணி எழுந்தாள். "பல்ராம் ஒண்ணு. பல்ராம் ரெண்டு." கொழுந்தன் பயணத்துக்காக வேண்டுகிறாள் என்று ரஜ்னீதா நினைத்துக்கொண்டாள். செப்டம்பரில் பத்தானது. அப்புறம், ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கட்டிலிலிருந்து சமையலறை வரை பன்னிரண்டு அடி. இரண்டுமுறை விழுந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

பயண நாள் காலை பல்ராம் புதுக் கோட்டோடு வந்தான். "அண்ணியை உக்கார வைம்மா ரஜ்னீதா. படுத்திருக்கிறவங்க கால்ல விழக்கூடாது, அது பொணத்துக்குப் பண்றது."

"இன்னும் பொணமாகல," என்று தாயம்மா தானே எழுந்து நின்றாள்.

அவனுக்கு வாய் பிளந்தது. சுதாரித்துக்கொண்டு, தரையில் தலைபட விழுந்து இரண்டு கையையும் நீட்டினான். கையில் பட்டது வெறும் தரை. அவள் கால்கள் அவனைத் தாண்டி நடந்துகொண்டிருந்தன.

"அண்ணி... திருநீறு?"

பன்னிரண்டாவது அடியையும் வைத்து முடித்தாள். பிறகு சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"சீக்கிரம் கிளம்புப்பா. வழியில கல்லடிப்பாங்க. வேன் போச்சுன்னா யார் குடுப்பா?"

அடுப்பு மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வேன் சத்தம் தெருமுனை திரும்பும்வரை அவள் உட்காரவில்லை.