தக்கை மரத்தில் பால் வெட்டிய புஷ்பலதா

மாப்பிள்ளை வீடு பார்க்க மலேசியாவின் லகாட்டிலிருந்து போர்ச்சுகல் வரை போனவர், எனக்குத் தெரிந்து, புஷ்பலதா ஒருவர்தான். ரப்பர் எஸ்டேட் இருந்த காலத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். எஸ்டேட் போய்த் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள் வந்ததும், அதே இடத்தில் கறிபாப் பலகாரம் விற்கிறவர். கறிபாப்பில் உருளைக்கிழங்கு குறைவு என்று யாராவது சொன்னால், சொன்னவரிடம் என்னென்ன குறைவு என்று விளக்கி அனுப்புவார்.

மகள் பிரமிளாவுக்கு லிஸ்பனில் வேலை. அவள் கட்டிக்கொள்ள நினைத்த பையன் தியாகோ, அலென்தேஜு பக்கத்து விவசாயக் குடும்பம். புஷ்பலதா முதல் நாளே அவனைத் தியாகு ஆக்கிவிட்டார். பையன் தேறினான்; குடும்பத்தையும் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் என்றார்.

வீடும் தேறியது. சுண்ணாம்பு வெள்ளைச் சுவர், அடியில் நீலப் பட்டி. வெளியே கண்ணுக்கெட்டிய மட்டும் காய்ந்த புல்மேடு, தள்ளித் தள்ளி நிற்கும் தக்கை மரங்கள், நிழலில் ஆடுகள்.

"மரத்துக்கு மரம் இவ்ளோ எடமா? எங்கள வேல வாங்குற மண்டோரு பார்த்தா, நடுவுல இன்னும் நாலு நட வெச்சிருவாரு" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

கெடுத்தது தியாகோவின் அப்பா ஜோக்கிம். அன்று பாட்டில் தக்கைக்காக மரப்பட்டை உரிக்கும் நாள். கோடரியால் கீறி, அடிமரத்துப் பட்டையைச் சட்டை கழற்றுவது போல முழுசாக உருவினார். மரம் செக்கச்செவேலென்று நின்றது. எஸ்டேட்டில் பால் வெட்டும் உளி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலே குடும்பத்தையே இழுத்துத் திட்டுவார்கள்.

"பிரமி, இந்தச் சம்பந்தம் வேணாம். மரத்தையே உரிக்கிறவங்க உன்ன சும்மா விடுவாங்களா?"

"ம்மா, ஒன்பது வருஷத்துக்கு ஒருக்காதான் உரிப்பாங்க. திரும்ப வளரும் லா."

"செத்தது எப்படிடி வளரும்?"

மறுநாள் பழக்கப்படி விடியுமுன் எழுந்தவர், சமையலறைக் கத்தியுடன் உரித்த மரத்துக்குப் போனார். உயிர் இருந்தால் ஏதாவது வடிய வேண்டும். வடியாவிட்டால் கல்யாணம் இல்லை. இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சாய்வாக ஒரு வெட்டு. அழகான வெட்டு. கீழே காப்பிக் கோப்பையையும் பிடித்தார்.

ஒன்றும் வடியவில்லை. ஜோக்கிம்தான் வந்து நின்றார்.

உள்பட்டையில் கீறல் விழாமல் உரிப்பதுதான் அவர்கள் தொழிலில் மானம். அவர் வெட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மகனையும் பிரமிளாவையும் கூப்பிட்டு நீளமாகப் பேசினார்.

"என்னவாம்?" என்றார் புஷ்பலதா.

"பெத்தவங்களே இப்படி வெட்டுறாங்களே, பொண்ணு எப்படியோன்னு கேக்குறாரு."

புஷ்பலதா பக்கத்து மரத்தைப் பார்த்தார். என்றோ உரித்த வருஷத்தின் எண் அதில் வெள்ளைப் பெயிண்டில் மங்கிக் கிடந்தது. எண்ணைச் சுமந்துகொண்டு பட்டை தடியாக வளர்ந்திருந்தது.

"காயம் பண்ணது நானு. எம்பொண்ணு கத்திகூட ஒழுங்கா பிடிக்கமாட்டா, பயப்பட வேணாம்னு சொல்லு."

பிரமிளா எப்படிச் சொன்னாளோ, ஜோக்கிமின் மீசை அசைந்தது.

"அடுத்த தடவ உரிக்கும்போது நீயே வந்து, காயம் ஆறிடுச்சான்னு பார்க்கணுமாம் ம்மா."

"ஒன்பது வருஷம் கழிச்சா?"

"ஆமா."

"அப்போ நான் என்ன உறவுன்னு வந்து நிக்கிறதாம்? மொதல்ல கல்யாணத்துக்குத் தேதி குறிக்கச் சொல்லு."