திருப்பும் முன் பார்த்தது

பெங்களூர் வேலையை விட்டுவிட்டுச் சேலத்துக்குத் திரும்பிய பிறகு, ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடியில் இருந்த சின்ன மென்பொருள் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளுக்கு மென்பொருள் செய்து கொடுப்பதுதான் எங்கள் தொழில். எந்த ஷெட்டில் எத்தனை கோழி, இன்றைக்கு எவ்வளவு முட்டை, எந்தத் தடுப்பு மருந்து எப்போது கொடுத்தார்கள் என்பதையெல்லாம் பண்ணைக்காரர்கள் கைபேசியிலேயே பதிந்துவிடுவார்கள். முட்டை லாரியில் ஏறும்போது பில்லும் அதிலிருந்தே வரும்.

முதலாளி ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழிலில் இருந்தவர். வட மாநிலங்களில் போர் போட்டுச் சம்பாதித்ததை இந்த அலுவலகத்தில் போட்டிருந்தார். நிரல் எழுதத் தெரியாது. வாடிக்கையாளரின் குரலைக் கேட்டே எவ்வளவு கோபத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவார். நிரல் எழுதுகிறவர்களில் மூத்தவர் குமாரபாளையத்திலிருந்து தினமும் வந்துபோவார். என் வயதுதான் அவருக்கும். நான் ஒரு வாரம் யோசிப்பதை அவர் ஒரு மதியத்தில் எழுதி முடிப்பார். தரவுத்தளம் என் பொறுப்பில் இருந்தது.

தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றும்போதெல்லாம், அந்த மாற்றத்தைத் திருப்பிப் பழையபடி ஆக்குவதற்கான கட்டளைகளையும் சேர்த்தே எழுதிவைப்போம். அதைத்தான் ரோல்பேக் என்பார்கள். மாற்றத்தை நாலு பேர் சோதித்துப் பார்ப்பார்கள். ரோல்பேக்கை யாரும் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. அது தேவைப்படும் நாளில் எல்லோரும் பதற்றத்தில் இருப்பார்கள். பொத்தானை அழுத்திவிட்டுக் கடவுளை வேண்டிக்கொள்வார்கள்.

அது எனக்குப் பொறுக்கவில்லை. வேலை குறைவான மதியங்களில் உட்கார்ந்து ஒரு முன்னோட்டப் பக்கம் செய்தேன். ரோல்பேக்கை ஓட்டினால் என்னென்ன கட்டளைகள் எந்த வரிசையில் ஓடும், எது மாறும், எது அழியும் என்பதை, எதையும் ஓட்டாமலேயே அந்தப் பக்கம் காட்டும். அழியப்போகும் தகவல் சிவப்பு எழுத்தில் வரும்.

"ஏனுங்க, நாம எழுதுனதையே நாம உளவு பாக்கோணுமா?" என்று குமாரபாளையத்துக்காரர் சிரித்தார். முதலாளிக்கும் அதில் பெரிய ஈடுபாடு இல்லை. "பண்ணைக்காரங்களுக்கு இது கண்ணுல தெரியுமாம்மா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்பச் செரி, உங்க திருப்திக்கு வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் வைத்துக்கொண்டேன்.

அடுத்து வந்த பெரிய மாற்றம் தடுப்பு மருந்துப் பதிவுகளைப் பற்றியது. அதுவரை ஷெட்டின் தினசரிப் பதிவுக்குள்ளேயே மருந்தின் பெயரும் தனிக்கட்டம் ஒன்றுக்குள் கிடந்தது. அதை எடுத்து மருந்துக்கென்றே டேபிள் என்கிற தனி அட்டவணை ஒன்றுக்கு மாற்றினோம். பழைய கட்டத்தை நீக்கிவிட்டோம். எழுதியது குமாரபாளையத்துக்காரர். அழகாக எழுதியிருந்தார். ஒரு திங்கட்கிழமை விடியற்காலை அது எல்லாப் பண்ணைகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

நான் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது எல்லாத் தொலைபேசிகளும் அடித்துக்கொண்டிருந்தன. பில் வரவில்லை. எந்தப் பண்ணையிலும் வரவில்லை.

முதலாளி ஒரு அழைப்பை ஒலிபெருக்கியில் போட்டார். எருமப்பட்டிப் பக்கம் பெரிய பண்ணை நடத்தும் அம்மா. எங்கள் முதல் வாடிக்கையாளர் அவர்தான். "லோடு ஏத்திப் பாலக்காட்டு வண்டி நிக்குதுங்க சாமி. பில்லு இல்லாம எப்பிடி அனுப்பறது? பொறத்தால இன்னொரு வண்டி வந்து நிக்குது" என்றார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

முதலாளி எங்கள் பக்கம் திரும்பினார். "பழசுக்கே கொண்டு போயிருங்க."

"ரெண்டு நிமிச வேலைங்க" என்று குமாரபாளையத்துக்காரர் ரோல்பேக்கைத் திறந்தார்.

"ஓட்டாதீங்க. மொதல்ல பாத்துரலாம்" என்றேன்.

"வண்டி நிக்குதுங்கறாங்க, நீங்க பாக்கோணுங்கறீங்க" என்றார் முதலாளி. என் இருக்கைக்குப் போய் முன்னோட்டப் பக்கத்தைத் திறந்தேன். இரண்டு பேரும் பின்னால் வந்து நின்றார்கள்.

திரையில் இரண்டே வரிகள். முதல் வரி, பழைய கட்டத்தை மறுபடி உண்டாக்கும், காலியாக. இரண்டாம் வரி, புது டேபிளை அழிக்கும். அந்த இரண்டாம் வரி முழுவதும் சிவப்பு. இத்தனை வருடங்களாக எல்லாப் பண்ணைகளும் பதிந்துவைத்த தடுப்பு மருந்துக் கணக்கு முழுவதும் இப்போது அந்த டேபிளில்தான் இருந்தது. அதைப் பழைய கட்டத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் கட்டளையை யாரும் எழுதவில்லை. வெறும் கட்டம் வரும், உள்ளே ஒன்றும் இருக்காது.

குமாரபாளையத்துக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "நேத்து எடுத்த பேக்கப் இருக்குதுங்கல்ல?" என்றார்.

"இருக்கு. ஆனா இன்னைக்குக் காலையில போட்டது அதுல இருக்காது."

நான் சொல்லி முடிக்கும் முன்பே முதலாளி தொலைபேசியை எடுத்திருந்தார். எருமப்பட்டி அம்மாவிடம், இன்று மருந்து ஏதும் கொடுத்தீர்களா என்று கேட்டார்.

"விடிஞ்சதுமே வெள்ளைக்கழிச்சலுக்குத் தண்ணியில கலந்து குடுத்துட்டமுங்க. போன்லயும் ஏத்தியாச்சு. ஏனுங்க?"

"ஒண்ணுமில்லீங்க. கொஞ்ச நேரம் குடுங்க, நானே கூப்பிடறேன்" என்று முதலாளி வைத்தார். பிறகு நாற்காலி ஒன்றை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இப்பச் சொல்லும்மா. என்ன பண்ணோணும்?"

அந்தக் கேள்விக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இரண்டு வரிகளுக்கும் நடுவில் ஒரு வரி வேண்டும் என்றேன். டேபிளை அழிக்கும் முன் அதிலுள்ளதையெல்லாம் பழைய கட்டத்துக்கு நகலெடுக்கும் வரி. குமாரபாளையத்துக்காரர் அங்கேயே குனிந்து தட்டச்சு செய்யத் தொடங்கினார். அவர் வேகம் அன்றைக்குப் போல எனக்கு என்றுமே பிடித்ததில்லை.

பாதியில் நிறுத்தினார். "ஒரே நாள்ல ரெண்டு மருந்து குடுத்திருந்தா? பழைய கட்டத்துல ஒரு பேருதானுங்களே நிக்கும்."

எனக்கு அது தோன்றவே இல்லை. இரண்டு பெயரையும் நடுவில் காற்புள்ளி வைத்துச் சேர்த்துவிடலாம் என்று அவரே சொன்னார், அவரே எழுதினார். தரவுத்தளத்தின் நகல் ஒன்றை எடுத்து அதில் ஓட்டினோம். எருமப்பட்டிப் பண்ணையின் அன்றைய பதிவைத் திறந்தேன். வெள்ளைக்கழிச்சல் மருந்து இருந்த இடத்தில் இருந்தது. பழைய வருடங்களில் அங்கங்கே திறந்து பார்த்தோம். எல்லாம் இருந்தன. முன்னோட்டத்தை மறுபடி திறந்தோம். மூன்று வரிகள். தகவல் முன்பே நகலாகிவிடுவதால் சிவப்பு எழுத்து ஒன்றுகூட இல்லை.

"நீங்களே அழுத்துங்க" என்றார் குமாரபாளையத்துக்காரர்.

அழுத்தினேன்.

சிறிது நேரத்தில் எருமப்பட்டியிலிருந்து அழைப்பு வந்தது. "பில்லு வந்துருச்சுங்க சாமி. வண்டி கெளம்பிருச்சு" என்றார் அந்த அம்மா. முதலாளி கண்ணை மூடித் திறந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. குமாரபாளையத்துக்காரர் கீழே போய் எல்லோருக்கும் சட்னியும் காய்த்துருவலும் வைத்த தட்டுவடை செட் வாங்கி வந்தார். எனக்கு மட்டும் இரண்டு.

அன்று மாலையே முதலாளி சொல்லிவிட்டார், முன்னோட்டம் பார்க்காமல் இந்த அலுவலகத்தில் யாரும் எதையும் திருப்பக்கூடாது என்று. ஒவ்வொரு ரோல்பேக்கையும் நகலில் ஓட்டிக் காட்டினால்தான் மாற்றமே வெளியே போகும் என்ற விதியைக் குமாரபாளையத்துக்காரர் சேர்த்தார். பில் போடும் நிரல் நீக்கிய கட்டத்தையே இன்னும் தேடியதுதான் பில் வராததற்குக் காரணம் என்று அவரே கண்டுபிடித்துச் சரிசெய்தார். அதே மாற்றம் அடுத்த வாரம் மறுபடி போனபோது எந்தத் தொலைபேசியும் அடிக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து நாமக்கல்லில் ஒரு மண்டபத்தில் பண்ணைக்காரர்கள் கூடியிருந்தார்கள். எங்கள் மென்பொருளை வாங்கலாமா என்று முடிவு செய்ய வந்தவர்கள். முன்வரிசையிலிருந்த ஒருவர் எழுந்து, "நீங்க ஏதோ மாத்தி, எங்க கணக்கு அழிஞ்சு போச்சுன்னா என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டார். முதலாளி என்னை மேடைக்குக் கூப்பிட்டார்.

பெரிய திரையில் முன்னோட்டப் பக்கத்தைப் போட்டேன். என்ன அழியும் என்பதைச் சிவப்பில் காட்டினேன், அதை எப்படிக் காப்பாற்றுவோம் என்பதையும் காட்டினேன். எருமப்பட்டி அம்மா நடுவரிசையிலிருந்து எழுந்தார். அன்றைக்கு நடந்தது எல்லாவற்றையும் முதலாளி பிறகு அவரிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

"அன்னைக்கு இந்தப் புள்ள பாக்காம அழுத்தியிருந்தா, எங் கோழிக்கு எப்ப என்ன மருந்து குடுத்தன்னு எனக்கே தெரியாமப் போயிருக்குமுங்க" என்றார். "நான் இவங்ககிட்டத்தான் இருக்கேன். இருப்பேன்."

அவர் உட்கார்ந்ததும் கேள்விகள் என்னை நோக்கி வரத் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னேன். தொண்டை கட்டிப்போனது. ஒலிவாங்கியை யாரிடமும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.