ஒருத்தரும் இல்லாத றோட்டு

என் கணவருக்கு உலகப்படம் என்பது சொந்தக்காரர்கள் குடியிருக்கும் இடங்களின் படம். எங்கே போவதென்றாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "போற வழியில ஆர் இருக்கினம்?" என்பதுதான். ஆள் இருந்தால் அது வழி. ஆள் இல்லாவிட்டால் அது வெறும் காடு.

நான் உலகம் சுற்றியதெல்லாம் இப்படித்தான். நயாகராவை ஓடிப்போய் எட்டிப் பார்த்துவிட்டு, மிச்சப் பகல் முழுக்க ஸ்காபரோவில் அவருடைய ஒன்றுவிட்ட தமையன் வீட்டில் இருந்து சாப்பிட்டோம். பாரிஸில் ஈபிள் கோபுரத்தை ஒரு மச்சாளின் பல்கனியிலிருந்து கண்டேன், அதுவும் உடுப்புக் காயும் கொடிக்கு இடையால். நியூ ஜேர்சியில் என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டால் இடியப்பம் என்றுதான் சொல்லவேண்டும். எல்லோரும் அன்பான மனிதர்கள், குறை சொல்ல வரவில்லை. ஆனால் எந்த நாட்டுக்குப் போனாலும் நான் கடைசியில் யாரோ ஒருவருடைய குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு நிற்பேன். எனக்கு அலுத்துப் போயிருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வசந்தகாலம். சிசிலியில் இருக்கும் என் தங்கையின் மகளுக்கு முதல்நன்மை, கோயிலில் முதல் தரம் நற்கருணை வாங்கும் சடங்கு, வந்தது. தங்கை குடும்பம் தீவின் நடுவில், மலை உச்சியில் உள்ள ஒரு சின்ன ஊரில் இருந்தது. கணவருக்கு நாங்கள் குடியிருக்கும் கோட்-டெ-நெய்ஜில் ஆஸ்பத்திரி வேலை, லீவு எடுப்பது லேசான காரியமில்லை. எப்படியோ ஒரு கிழமை கிடைத்தது. பிள்ளைகளுக்குப் பரீட்சை, வரவில்லை என்றுவிட்டார்கள். கலியாணம் கட்டிய காலம் முதல் நாங்கள் இரண்டு பேரும் தனியாகப் போகும் முதல் பயணம் அதுதான். அதில் ஒரு நாள், ஒரேயொரு நாள், எவர் வீட்டுக்கும் போகாமல், மலையிலிருந்து காரில் இறங்கிக் கடலுக்குப் போகவேண்டும் என்று நான் முடிவெடுத்துவிட்டேன்.

இந்த ஆசையை என் தலைக்குள் போட்டவர் ஜான்-டலோன் சந்தையில் நான் வேலை செய்த மரக்கறிக் கடையின் முதலாளியம்மா. அவருடைய தாய் தகப்பன் அதே மலைப் பக்கத்து ஆட்கள். நான் சிசிலி போகிறேன் என்றதும், கத்தரிக்காய் அடுக்கிக்கொண்டிருந்தவர் அதை அப்படியே விட்டுவிட்டு, தக்காளிப் பெட்டியின் மட்டையைக் கிழித்து வழி கீறத் தொடங்கினார். வேகப்பாதையைப் பிடித்தால் வெள்ளனவே பலெர்மோ போய்ச் சேரலாம், ஆனால் அதில் போகிறவனுக்குக் கண் எதற்கு என்று பிரெஞ்சும் இத்தாலியனும் கலந்து கேட்டார். மலையால் போ. ஒவ்வொரு குன்றிலும் ஒரு ஊர் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆட்டுக் கூட்டம் றோட்டை மறித்தால் ஹோன் அடிக்காதே. காடு முடிகிற ஒரு வளைவில் கடல் திடீரென்று கீழே தெரியும், அதில் நிறுத்திப் பார்க்காமல் வந்தால் என் முகத்தில் முழிக்காதே என்றார். கடல் தொடும் இடத்தில் செஃபலு என்று ஊரின் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு மீனும் கீறினார். அது வாழைக்காய் போல இருந்தது.

மட்டையை மெட்ரோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் விரித்தேன். கணவர் குனிந்து பார்த்தார். அவருடைய விரல் மலையில் நிற்கவில்லை, காட்டில் நிற்கவில்லை, எதையோ தேடிக்கொண்டே போனது. "இந்தப் பக்கம் ஆர் இருக்கினம்?" என்றார். ஒருத்தரும் இல்லை என்றேன். அப்படியென்றால் ஏன் போகிறோம் என்று அவர் பகிடிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

பேந்து போகாமல் இருக்கக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். வளைவு கூட, தலை சுற்றிச் சத்தி வரும். தேசிக்காய் மணந்துகொண்டு வாங்கோ என்றேன். அங்கே வாடகைக் காரெல்லாம் கியர் போட்டு ஓட்டுவது, தனக்குச் சரிவராது. நான் ஓட்டுகிறேன் என்றேன். நீயா என்று சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் அவர் விட்ட பிழை.

லவாலில் ஒரு சிநேகிதியிடம் பழைய கியர் கார் ஒன்று நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிய அங்கே போய், கடைகள் திறக்கமுன் வெறுமையாகக் கிடக்கும் தரிப்பிடத்தில் பழகினேன். முதல் நாள் கார் தவளை மாதிரித் துள்ளியது. சிநேகிதி கதவைப் பிடித்துக்கொண்டு மாதாவே மாதாவே என்றாள். பனி முழுதாகக் கரைகிறபோது, ஏற்றத்தில் நிறுத்திப் பின்னால் உருளாமல் எடுக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். ஒருநாள் கணவரை ஏற்றிக்கொண்டு மவுண்ட் ரோயல் மலையைச் சுற்றி வந்தேன். இறங்கும்போது அவர் சிரிக்கவில்லை. என் மனம் குளிர்ந்துபோனது.

எல்லாம் சரி என்று நான் செஃபலுவில் ஓர் இரவு தங்க அறை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் மெல்ல வாயைத் திறந்தார். பலெர்மோவில் இருக்கும் சின்னம்மாவுக்கு எப்போதோ சொல்லிவிட்டாராம். அவருடைய சின்னம்மா எனக்கு மாமி முறை. நாங்கள் கடலுக்குப் போகவிருந்த அந்த நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறோம் என்று மாமி ஆட்டிறைச்சிக்கும் கணவாய்க்கும் சொல்லி வைத்து, அக்கம்பக்கத்துத் தமிழ் ஆட்களையும் கூப்பிட்டுவிட்டாராம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மாமியின் மனம் நோகும், இனி ஒன்றும் செய்ய ஏலாது என்றார். நான் கதைக்கிறேன் என்றேன். கதைத்துப் பார் என்று வெளிநாட்டுக்குப் போன் எடுக்கும் கோலிங் காட்டை எடுத்து நீட்டினார். நான் வாயடைத்துப்போய்ப் போனை வைத்துவிடுவேன் என்று நினைத்திருப்பார். அப்படி வைத்தால் என் ஒரு நாள் போனதுதான். அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

மாமிக்குப் போன் எடுத்துச் சுகம் விசாரித்தேன். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, மாமி, குறைநினைக்காதேங்கோ, அன்றைக்கு மத்தியானம் நாங்கள் உங்கள் வீட்டுக்கு வரவில்லை, மலையால் இறங்கிக் கடல் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

"அந்தப் பக்கம் ஆர் இருக்கினம், பிள்ளை?" என்றார் மாமி. குடும்பக் கேள்வி.

"ஒருத்தரும் இல்லை, மாமி."

"ஒருத்தரும் இல்லையோ?"

இரண்டாம் தரம் கேட்டபோது குரல் வேறு மாதிரி இருந்தது. ஒருத்தரும் இல்லை, சும்மா பார்க்கத்தான் போகிறோம் என்றேன். மாமி கதைக்கத் தொடங்கினார். கோடை வந்தால் லண்டனிலிருந்து வருவார்கள், ஜெர்மனியிலிருந்து வருவார்கள், தான் சமைத்துக் கொடுக்க, சாப்பிட்டுவிட்டு ஊர் பார்க்கப் போவார்கள். தான் சட்டி கழுவுவது. பலெர்மோவுக்கு வந்து இத்தனை காலத்தில் அந்த மலையைப் பஸ் கண்ணாடியால்கூடக் கண்டதில்லை.

"காரில இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கோ? நான் முதல் நாளே பஸ்ஸில மேல உன்ர தங்கச்சி வீட்டுக்கு வந்திடுவன்."

இடம் இருக்கிறது மாமி என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது. சாப்பிட வரச் சொன்ன ஆட்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். நான் வீட்டில் இல்லை என்று சொல்வேன் என்றார்.

போனை வைத்தேன். கணவர் குசினி வாசலில் நின்றார், முகத்தில் வெற்றிக் களை. என்னவாம் என்றார்.

"மாமி அண்டைக்குச் சமைக்க மாட்டாவாம். எங்களோட வாறாவாம். முன் சீற் தனக்காம்."

அவர் கதிரையை இழுத்து இருந்தார். பிறகு மட்டையைத் தன் பக்கமாகத் திருப்பிவைத்து, பின் சீற்றில் எந்தப் பக்கம் இருந்தால் கடல் முதல் தெரியும் என்று கேட்டார்.