ஓரகத்தி ஊதிய விளக்கு

எங்கள் சமையலறைச் சுவரில் சோற்றுப் பசை தடவி ஒட்டிய காகிதம் ஒன்று இருந்தது. கேஸ் இணைப்புக் கொடுக்க வந்த ஏஜென்சிக்காரர் தந்துவிட்டுப் போனது. சிலிண்டரை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், படுக்க வைக்கக் கூடாது. அடுப்பு சிலிண்டரைவிட உயரமான மேடையில் இருக்க வேண்டும். வாடை வந்தால் ஸ்விட்சைத் தொடக் கூடாது, வீட்டில் எரிகிற எல்லா நெருப்பையும் அணைத்துவிட்டுக் கதவு ஜன்னலைத் திறக்க வேண்டும். எண்பதுகளின் தொடக்கம் அது. காரைக்காலில் எங்கள் தெருவில் கேஸ் அடுப்பு வந்த மூன்றாவது வீடு எங்களுடையது. அம்பகரத்தூரில் நெல் அவிக்கும் புகையிலேயே வளர்ந்து, கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்திருந்த எனக்கு, தீக்குச்சி கிழித்ததும் நீலமாகப் பூத்த அந்தத் தீயைப் பார்த்து வாயடைத்துப் போனது.

அந்தக் காகிதத்தை மதித்தவர் வீட்டிலேயே ஒருவர்தான்: என் கணவருடைய அண்ணன் மனைவி, என் ஓரகத்தி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, வாரத்துக்கு ஒரு தடவையாவது அதை வாய்விட்டு வாசிப்பார். பத்தாவது தாண்டிய திமிரில் நான் சிரிப்பேன். "என்னக்கா, பரீட்சைக்குப் போறீங்களா?" என்பேன். "சிரிடி, சிரி. கேஸு காத்தவிட கனமாம். மேல போவாதாம், தரையிலயே படுத்துக் கெடக்குமாம். அந்த ஆளு சொன்னப்ப நீ எங்க பாத்துக்கிட்டு இருந்த?" என்று கேட்பார். அடுப்பின் பளபளப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறென்ன!

அப்போதெல்லாம் சிலிண்டர் தீர்ந்தால் பதிந்துவிட்டு ஒரு மாதம் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். அதனால் பெண்களுக்கென்று சில கைவேலைகள் இருந்தன. தீரப்போகிற சிலிண்டரைக் குலுக்குவார்கள், சாய்ப்பார்கள், வெந்நீர் ஊற்றிய அண்டாவுக்குள் உட்கார வைப்பார்கள். படுக்க வைத்து மூன்று நாள் ஓட்டினேன் என்று குழாயடியில் பெருமை பேசுவார்கள். இந்தப் பேச்சு வந்தாலே அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்.

அன்று வெள்ளிக்கிழமை. என் நாத்தனாரைப் பெண் பார்க்க நாகப்பட்டினத்திலிருந்து வருவதாக இருந்தது. கேசரியும் பஜ்ஜியும் கேஸ் அடுப்பிலிருந்துதான் இறங்க வேண்டும், கொல்லையில் இருக்கும் விறகடுப்பு அவர்கள் கண்ணிலேயே படக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். கௌரவம்! பொழுது சாய்கிற நேரத்தில், ரவை பாதி வறுபட்டிருக்கும்போது தீ சுருங்கிப் போனது. அக்கா கொல்லையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். மாமியார் சமையலறையை ஒட்டிய சாமி அறையில் குத்துவிளக்கின் ஐந்து முகத்தையும் ஏற்றிவிட்டு அப்போதுதான் வாசலுக்குப் போயிருந்தார். நான் யாரையும் கேட்கவில்லை. சிலிண்டரைக் கட்டிப்பிடித்துத் தரையில் படுக்க வைத்தேன்.

தீ எழும்பியது. பார்த்தாயா என் சாமர்த்தியத்தை என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடுத்த கணம் அது வாணலியைத் தாண்டி மஞ்சளாகச் சீறியது. பதறிப்போய் அடுப்பை மூடினேன். மூடின வேகத்தில் கால் பட்டுச் சிலிண்டர் உருண்டது, இழுபட்ட ரப்பர் குழாய் அடுப்பிலிருந்து கழன்றுகொண்டது. உஸ்ஸென்ற சத்தத்தோடு வெள்ளையாக என்னவோ தரையில் பரவியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அக்கா சட்னிக் கையோடு ஓடி வந்தார். "அடிப்பாவி, என்னடி பண்ணுன?" என்றபடியே சிலிண்டரை நிமிர்த்தி ரெகுலேட்டரை மூடினார். சத்தம் நின்றது. ஆனால் வெளியே வந்தது வந்ததுதானே? வாடைக்கு உள்ளே வந்த மாமியார் விளக்குப் போடக் கையை நீட்டினார். "ஸ்விட்சத் தொடாதீங்க அத்தை!" என்று அக்கா அலறினார். மாமியாரிடம் அவர் குரல் உயர்த்தி அதற்குமுன் நான் கேட்டதில்லை. அலறிக்கொண்டே சாமி அறைக்குள் ஓடினார். குத்துவிளக்கு தரையில், ஒரு மணைமேல் எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் வீடுகளில் விளக்கை அணை என்று வாயால்கூடச் சொல்வதில்லை, மலையேற்று என்போம். பூவால் ஒற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சொட்டுப் பால் விட்டுக் குளிர வைக்க வேண்டும். வாயால் ஊதினால் குடும்பத்துக்கு ஆகாது. சுமங்கலி ஊதினால் தாலிக்கே ஆகாது. அதுவும் வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த வேளை. இதெல்லாம் என்னைவிட அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அவர் பூவைத் தேடவில்லை. குனிந்து ஒரே மூச்சில் ஐந்து திரியையும் ஊதினார். பிறகு கொல்லைக் கதவையும் ஜன்னல்களையும் திறந்துவிட்டு எங்களைத் தெருவுக்குத் துரத்தினார்.

காபி எதிர்வீட்டிலிருந்து வந்தது. கேசரி இல்லாமலேயே நாத்தனாருக்குக் கல்யாணம் முடிவானது. குழாய் தானாகக் கழன்றது என்று மாமியார் நினைத்துக்கொண்டார். அவர் உள்ளே வந்தபோது சிலிண்டர் நிமிர்ந்துதான் இருந்தது. அக்காவும் நானும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த ஆடியில் மூத்தார், அக்காவின் கணவர், கடைத்தெருவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாற்பது வயதுகூட ஆகவில்லை. கூடத்தில் பெண்கள் நிறைந்திருக்க, மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு கத்தினார்: "வெள்ளிக்கெழம வெளக்க வாயால ஊதுனாளே! எம்புள்ளைய ஊதிட்டாளே!" அக்கா தலையைத் தூக்கி என்னை ஒரு தடவை பார்த்தார். படுக்க வைத்தவள் நான்தான் என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அப்போது நான் முழுகாமல் இருந்தேன், அம்பகரத்தூருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம். தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

அதன்பிறகு விசேஷ வீடுகளில் அவரைப் பற்றிய பேச்சு அவருக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கும். விளக்கை ஊதினவள் என்பார்கள். புருஷனை இழந்த பெண்கள் குடும்பத்தில் வேறு பேரும் இருந்தார்கள், அவர்களுக்கு இந்தப் பெயர் கிடையாது. சில வருஷம் கழித்து, தனியாக இருந்தபோது, "அத்தைகிட்ட நான் சொல்லிடட்டுமாக்கா?" என்று கேட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தை நிறுத்தவில்லை. "சொன்னா? அவரு வந்துடுவாரா? ஒன்னையும் சேத்துத் திட்டுவாங்க. நான் ஊதுனதுக்கு இன்னிக்கும் வருத்தப்படலடி. நீ படுக்க வச்சதுக்கு வருத்தப்பட்டீன்னா சரி" என்றார். அதைச் சொல்ல வேண்டாம் என்ற உத்தரவாக எடுத்துக்கொண்டேன். எவ்வளவு சௌகரியம் எனக்கு!

அக்கா போய்ச் சேர்ந்து பதினாறாம் நாள், சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். எனக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்று சொல்லிவிட்டேன். "அன்னிக்கு சிலிண்டரப் படுக்க வச்சது நான்தான். அவங்க வெளக்க ஊதலன்னா இந்த வீட்டுல ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டோம்" என்றேன். திட்டு விழும் என்று நின்றேன், விழ வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன். ஆனால் மாமியார் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. மூத்தார் போன அன்றைக்கு அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தரும் இப்போது இல்லை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காவின் மருமகள்தான் என் கையைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டாள்:

"எந்த வெளக்கு, சின்னத்தை? அத்தை எங்ககிட்ட ஒண்ணுமே சொன்னதில்லையே."