கொலு பார்க்கப் போய் மாடி ஏறிய கதை

போன வெள்ளிக்கிழமை ஒரு மாளிகையின் மாடி ஏறினேன். அதற்கு நான் பட்ட பாடு இருக்கிறதே...!

மைசூரில் ரிட்டையரான என்ஜினீயர் ஒருவர், பாழாய்க் கிடந்த பழைய மாளிகையை வாங்கி, கூரை மாற்றி, தேக்குத் தூண்களுக்குப் பாலிஷ் போட்டு, மாடி முழுக்கச் சித்திரங்கள் மாட்டியிருக்கிறார். எல்லாம் மெல்லிய தங்கத் தகடான ரேக் ஒட்டிய மைசூர்ச் சித்திரங்கள். படம் வரையப் பழகும் எனக்கு அவற்றைப் பார்க்காமல் தூக்கம் வருமா? ஆனால் துரைமார்களுக்கு மட்டும்தான் காட்டுவாராம். இரண்டு தடவை வாசல் கேட்டிலேயே திருப்பிவிட்டார்கள்.

"அசடே, நவராத்திரி வரதே! கொலு பார்க்க வந்தவாளை யாராவது துரத்துவாளா?" என்றாள் தோழி வேதா.

ஊரே அரண்மனை விளக்கு பார்க்கக் கிளம்பிய சாயங்காலம், நாங்கள் மல்லிகை வைத்துக்கொண்டு அங்கே போனோம். கேட் திறந்தது! வீட்டுக்கார மாமி சந்தனம் கொடுத்தார். பட்டு உடுத்திய ராஜா ராணி பொம்மைகளைக் காட்டினார். அப்புறம்... கொலு வீட்டுச் சட்டம்தான் தெரியுமே?

"ஒரு பாட்டுப் பாடும்மா."

பாடினேன். பல்லவியே திரும்பத் திரும்ப வந்தது. கண் மாடிப்படியில் அல்லவா இருந்தது!

"ஏண்டி பெண்ணே, அங்கே யாரைத் தேடறே?"

"படங்களை, மாமி..." உளறிவிட்டேன்.

வேதா தலையில் கை வைத்துக்கொண்டாள். மாமியோ விழுந்து விழுந்து சிரித்தார். "மொதல்லயே சொல்லப்படாதோ? பாட்டாவது தப்பிச்சிருக்கும். வா!"

மாடியில் பச்சையும் சிவப்பும் தங்கமுமாய்... எதை முதலில் பார்ப்பது? ஓர் அம்மன் படத்தின் முன் நின்றபோது, படியில் பூட்ஸ் சத்தம். என்ஜினீயர்!

"யார் இவாள்ளாம்?"

"கொலுவுக்கு வந்தவா. வெத்தலை பாக்குக் கொடுக்காம எப்படி அனுப்பறது?" என்றார் மாமி.

அவர் முறைத்தார். பயத்தில் நான் ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டேன். "சார், இந்த நகையெல்லாம் எப்படி இவ்வளவு மெல்லிசாக மேடு தட்டியிருக்கிறது?"

அவ்வளவுதான் — கோபம் போன இடம் தெரியவில்லை. பசை, பூச்சு, ரேக் என்று மடை திறந்தது. நடுவில் மாமியிடம் திரும்பி, "நீ ஒரு நாளாவது இதெல்லாம் கேட்டிருக்கியோ?" என்றார்.

"தூசி தட்டத்தானே, ஏன்னா, என்னை மாடிக்குக் கூப்பிடறேள்?"

சார் தாமே மாமிக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காரு. மொதல் படத்துலேர்ந்து சொல்றேன்."

மாமிக்காக ஆரம்பித்ததை நாங்களும் நின்றபடி கேட்டோம். என் கண்கள் இன்னும் அந்தத் தங்கத்திலிருந்து மீளவில்லை. மாமி, உங்களுக்குக் கோடி நமஸ்காரம்!

வாசக கனவான்களே, உங்கள் வீட்டு மாடியில் மாமிக்கு ஒரு நாற்காலி இருக்கிறதா?