ஒரு பேரும் ரெண்டு பத்திரமும்

சங்கத் தேர்தல் நடத்திற வேலை எப்பிடியெண்டால், வெண்டவருக்கு நீங்கள் தேவையில்லை, தோத்தவருக்கு நீங்கள்தான் கள்ளன். லண்டனிலை ஊர்ச்சங்கம், கோயில் சபை, பழைய மாணவர் சங்கம் எண்டு ஏதாவது ஒண்டிலை வாக்குச்சீட்டு எண்ணிப் பேச்சு வாங்கின ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவை என்னோடை சேர்ந்து கொஞ்சம் வெக்கப்படுங்கோ.

மச்சானின்ரை அடையாள அட்டை

யாழ்ப்பாணக் கச்சேரியிலை, அதாவது அரசாங்க அலுவலகத்திலை, தேர்தல் கிளையிலை, நாலு வருசம் கிளாக்கராய் இருந்தனான். உண்மையைச் சொன்னால் பெட்டியளுக்கு நம்பர் ஒட்டினதுதான் என்ரை வேலை. எண்பத்தைஞ்சிலை இஞ்சை வந்து கிங்ஸ்பரியிலை ஒரு பெற்றோல் ஸ்ரேசனிலை நிக்கேக்கை, ஊர்ச்சங்கத்து ஆக்கள் "தேர்தல் கந்தோரிலை இருந்த ஆளாம்" எண்டு கேள்விப்பட்டு என்னைத் தேர்தல் நடத்திற தெரிவத்தாட்சி அலுவலராக்கிப் போட்டினம். அந்தப் பட்டம் காதிலை விழுந்த உடனை எனக்குத் தலை பெருத்துப் போச்சு.

நான் நடத்தின முதல் தேர்தலுக்கு வந்தது நாப்பத்து மூண்டு பேர். எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். நான் வாசலிலை மேசை போட்டு, கயிறு கட்டி, வாற ஆக்களிட்டை அடையாள அட்டை கேட்டனான். மனிசியின்ரை தம்பி வந்தான். அவனையும் விடேல்லை. அவன் என்னை மேலையும் கீழையும் பாத்திட்டுக் கேட்டான்: "அத்தான், காலமை உங்கட வீட்டிலை இடியப்பம் திண்டிட்டு உங்கட காரிலைதானே வந்தனான்?"

புள்ளடி போட வராத கை

பத்து வருசம் இப்பிடிப் போச்சு. அதுக்கிடையிலை எங்கட சங்கத்திலை ரெண்டு அணி வந்திட்டுது. ஒண்டு எழுபதுகளிலை படிக்க வந்து நிண்டிட்ட ஆக்கள், மற்றது எண்பத்து மூண்டுக் கலவரத்துக்குப் பிறகு அகதியாய் வந்த ஆக்கள். ஒருத்தரை ஒருத்தர் கண்டால் றோட்டு மாறிப் போவினம். ரெண்டு பகுதியும் ஆளுக்கொருத்தரை நிப்பாட்டி வாக்கைப் பிரிக்க, நடுவாலை குணரத்தினம் எண்டவர் ஒவ்வொரு முறையும் தலைவராய் வந்து குந்திவிடுவார். மனிசன் ஒரு நாள், சங்க மண்டபத்திலை நடந்த சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை நிப்பாட்டிப்போட்டு அந்த மண்டபத்தைப் பட்மின்ரனுக்குக் குடுக்கப்போறன் எண்டு அறிவிச்சார்.

பள்ளிக்கூடத்தை நடத்தினவ பூமணி ரீச்சர். ரெண்டு பகுதியின்ரை பிள்ளையளும் அவவிட்டைத்தான் படிச்சதுகள். அந்தமுறை தலைவர் பதவிக்கு ரெண்டு அணியும் தங்கட தங்கட நியமனப் பத்திரத்திலை ரீச்சரின்ரை பேரையே எழுதித் தந்தினம். வாக்குச்சீட்டிலை ரெண்டு அணிக்குக் கீழையும் அவவின்ரை பேர் இருக்கும். ரெண்டிலையும் விழுகிற புள்ளடி வாக்குகளைக் கூட்டினால் அவ வெல்லுவா, பள்ளிக்கூடம் தப்பும். ஒரு இடத்திலை பேர் போட்டால் காணாதோ, ஏன் ரெண்டுதரம் எண்டு அகதிப் பக்கத்து நந்தனைக் கேட்டன். "ரீச்சருக்குக் கட்டாயம் போடுவம் அண்ணை. ஆனால் அவையின்ரை அணிக்குக் கீழை புள்ளடி போட எங்கட கை வராது."

ரோல்சும் தேத்தண்ணியும்

அடுத்த நாள் பின்னேரம் குணரத்தினம் என்ரை வீட்டை வந்தார், ஒரு பெட்டி நிறைய மட்டன் ரோல்சோடை. பெற்றோல் ஸ்ரேசனிலை என்னை "ஓய்" எண்டு கூப்பிடுற சனத்துக்கை, இவர் மட்டும் "சேர்" எண்டுதான் கதைப்பார். ஒரு ஆளின்ரை பேர் ரெண்டு இடத்திலை வந்தால் சனம் குழம்பாதோ சேர், யாப்பிலை உதுக்கு ஏதும் தடை இல்லையோ சேர் எண்டு கேட்டார். சங்கத்தின்ரை சட்டதிட்டக் கொப்பியைப் புரட்டினன், யாப்பிலை ஒரு தடையும் இல்லை. தேர்தல் ஒழுங்குகளைத் தெரிவத்தாட்சி அலுவலர் தீர்மானிக்கலாம் எண்டு ஒரு வரி மட்டும் இருந்தது.

அந்த வரியைப் பிடிச்சுக்கொண்டு நான் ரைப்ரைற்றரை எடுத்தன். "ஒருவர் ஓர் அணியின் சார்பில் மாத்திரமே போட்டியிடலாம்" எண்டு தேர்தல் அறிவித்தலிலை ஒரு பந்தி சேர்த்தன். அது ஆரை விழுத்தும் எண்டு எனக்கு வடிவாய்த் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் அடிச்சன். சீ, இப்ப நினைச்சாலும் உடம்பு கூசுது. குணரத்தினம் அதை ரெண்டுதரம் வாசிச்சிட்டு என்ரை கையைப் பிடிச்சார். "உங்களைப் போலை சட்டம் தெரிஞ்ச ஆள் இந்த லண்டனிலையே இல்லை, சேர்."

கரும்பலகைக்கு முன்னாலை

சனிக்கிழமை நானே பள்ளிக்கூடத்துக்குப் போய் ரீச்சரிட்டைச் சொன்னன், ஏதாவது ஒரு அணியைத் தெரிவு செய்யவேணும் எண்டு. அவ கையிலை இருந்த சோக்கை வைச்சிட்டு யோசிச்சா. "ஒரு பக்கத்தை எடுத்தால் மற்றப் பக்கம் பிள்ளையளை அனுப்பாமல் மறிச்சுப்போடும். பேந்து ஆருக்குப் படிப்பிக்கிறது?" எண்டா. பிறகு என்னை நேரை பாத்து, "உது முந்தியே இருக்கிற விதியோ?" எண்டு கேட்டா.

அதிலை நிண்டு உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிசம் போதும். பின்னாலை பிள்ளையள் சத்தம் போடுதுகள், நான் கழுத்துப்பட்டியை இழுத்துவிடுறன். "ஓம் ரீச்சர், முந்தியே இருக்கு" எண்டன். அவ தலையாட்டினா. "நீங்கள் கச்சேரியிலை இருந்த ஆள். நீங்கள் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும், தம்பி."

வெம்பிளிக் கந்தோர்

ரீச்சர் விலகினாலும் ரெண்டு அணியும் விடேல்லை. வாழ்க்கையிலை முதல்முறையாய் ஒண்டாய்ச் சேர்ந்து, வெம்பிளியிலை சீலைக்கடைக்கு மேலை கந்தோர் வைச்சிருந்த வத்சலா எண்ட சட்டத்தரணியைப் பிடிச்சினம். என்னையும் குணரத்தினத்தையும் கூப்பிட்டு விசாரிச்சா. நல்லாய்ப் படிச்சுப்போட்டு வந்திருந்தா. அமெரிக்காவிலை நியூயோர்க் மாதிரி இடங்களிலை ரெண்டு கட்சி ஒரே ஆளை நிறுத்தலாமாம். கனக்க மாநிலங்களிலை அதுக்குத் தடையாம். ஒரு சின்னக் கட்சி அந்தத் தடை பிழையெண்டு வழக்குப் போட்டு, அது உச்ச நீதிமன்றம் மட்டும் போயிருக்காம்.

"அங்கை சட்டசபை கூடிப் போட்ட தடை, அங்கிள். இஞ்சை ஆர் போட்டது?" எண்டு கேட்டா. பக்கத்திலை குணரத்தினம் செருமினார். நான் "அது வழமை" எண்டன். வத்சலா பேனையைத் திறந்தா. "எந்த வருசத்து வழமை எண்டு சொல்லுங்கோ அங்கிள், எழுதுறன்."

அமெரிக்கா வெண்டது

நான் எழுபத்தொன்பது எண்டு வாயிலை வந்ததைச் சொன்னன். கோட்டுக்குப் போய் வழக்குப் போடுவம் எண்டு ரெண்டு அணியும் நிண்டினம், பிறகு என்னவோ அந்தக் கதை அடங்கிப் போச்சு. வேறை பேர் குடுக்கிற நாளும் முடிஞ்சதாலை குணரத்தினம் போட்டியில்லாமல் வந்தார். பள்ளிக்கூடம் மூடுப்பட்டுது. அடுத்த வருசம் சித்திரையிலை அவர் பெற்றோல் ஸ்ரேசனுக்குப் போன் எடுத்தார், பேப்பரிலை பாத்தாராம். மாநிலங்கள் அப்பிடித் தடை போடலாம் எண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிப்போட்டுதாம். "அமெரிக்காவே உங்கட பக்கம் சேர்!" எண்டு குதிக்கிறார். உலகத்திலை பெரிய நீதிமன்றம் என்னைச் சரியெண்டு சொன்னாலும், நான் செய்தது என்னெண்டு எனக்குத்தானே தெரியும்.

ஷிப்ட் முடிய நேரை ரீச்சர் வீட்டை போனன். கதவடியிலை நிண்டபடியே எல்லாத்தையும் கொட்டினன். விதி முந்தி இருக்கேல்லை, நான்தான் அடிச்சனான், வருசமும் பொய் எண்டன். அவ ஏசுவா எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். ஏசியிருந்தால் புண்ணியமாய்ப் போயிருக்கும். அவ கதவைப் பிடிச்சுக்கொண்டு மெல்லச் சொன்னா: "ரெண்டு பக்கமும் வழக்குப் போடப் போகேக்கை, இந்தத் தம்பி பொய் சொல்லமாட்டார் எண்டு சொல்லி மறிச்சது நான்தானே."

இப்ப ஆரும் தேர்தல் நடத்தித் தாங்கோ எண்டு வந்தால் இந்தக் கதையைத்தான் முதல் சொல்லுறன், அதுக்குப் பிறகு ஒருத்தரும் என்னை வற்புறுத்திறேல்லை.