லாசர் பின்சீட்டில் உட்கார்ந்த நாள்

ஏற்காடு சுற்றிப் பார்க்க ஜீப் வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்கு ஃபோன் போடுகிறவர்கள் பாவம். வாடகையைக் கேட்டுவிட்டு வைத்துவிடலாம் என்று நினைப்பார்கள். லாசர் விடமாட்டார். எத்தனை பேர், வயதானவர் உண்டா, குழந்தைக்கு என்ன வயது, யாருக்காவது முழங்கால் வலி இருக்கிறதா என்று ஆரம்பித்தால் அரைமணி நேரம் ஓடிவிடும். நீங்கள் ஜீப் ஓட்டுகிறீர்களா, ஆஸ்பத்திரி நடத்துகிறீர்களா என்று நானே கேட்டிருக்கிறேன்.

நாங்கள் இருப்பது நாகலூரில். எனக்கு எஸ்டேட்டில் காபிப்பழம் பறிக்கிற வேலை. அவருக்கு இருபத்தேழு வருடமாக ஸ்டீயரிங் பிடிக்கிற வேலை. முதலில் எஸ்டேட் லாரி, அப்புறம் சொந்த ஜீப். பஸ்ஸில் போனால்கூட டிரைவர் பக்கத்தில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டேதான் வருவார்.

அவருடைய சட்டங்களை இந்த ஊரில் குழந்தைகூடச் சொல்லும். சனி ஞாயிறு வேண்டாம், புதன் வியாழன் வாருங்கள். வெயில் ஏறுவதற்குள் மலை ஏறிவிடுங்கள். கிளம்பும் முன் வயிறு முட்டத் தின்னாதீர்கள். வளைவில் ஃபோனைப் பார்க்காதீர்கள், தூரத்து ரோட்டைப் பாருங்கள். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி நின்று வழிவிட வேண்டும். எந்த கியரில் ஏறினீர்களோ அதிலேயே இறங்குங்கள், பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். குரங்குக்கு எதுவும் போடாதீர்கள். கொண்டுவந்த குப்பையைத் திரும்பக் கொண்டுபோங்கள்.

ஒருமுறை ஈரோட்டுக் குடும்பம் ஒன்று ஒரே நாளில் பார்க்க வேண்டிய பதினோரு இடங்களை எழுதிக்கொண்டு வந்தது. இவர் சீட்டை வாங்கி இரண்டை மட்டும் விட்டு மற்றதை அடித்துவிட்டார். அவர்களுக்குக் கோபமான கோபம். கரடியூரில் கொண்டுபோய்ப் புல்லில் உட்காரவைத்தார். மத்தியானம் மொத்தக் குடும்பமும் அங்கேயே தூங்கிப்போனது. சாயங்காலம் எழுந்து, அடுத்த வருடத்துக்கு இப்போதே தேதி சொல்லிவிட்டுப் போனார்கள்.

வாந்தி எடுப்பவர்களுக்காக ஜீப்பில் பழைய பேப்பரில் மடித்த பைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி உலர்ந்த காபித் தோல். ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும், நாற்றமும் வராது. அந்தப் பையையும் பள்ளத்தில் வீச விடமாட்டார். குழியில் புதைக்க வேண்டும்.

இப்படி ஊருக்கே பயணம் சொல்லிக்கொடுத்த மனிதருக்கு எங்கள் வீட்டுக் காரியம் ஒன்று பரீட்சையாக வந்தது. எங்கள் மகள் ஷெர்லின் திருச்சியில் நர்ஸ். கூட வேலை பார்க்கும் ஜெப்சனும் அவளும் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டார்கள். பையனுக்கு ஊர் நாகப்பட்டினம் பக்கம். அவன் அப்பா ஓய்வுபெற்ற தபால்காரர், அவருக்குச் சம்மதம். அம்மா ஆன்மேரிதான் ஒரே பிடியாக நின்றார். பெண்ணின் மேல் குறை எதுவும் சொல்லவில்லை. மலைதான் வேண்டாமாம். சமதளத்தில் பஸ் ஏறினாலே வாந்தி எடுக்கிற உடம்பு அவருக்கு. மருமகளின் பிரசவம், பேரப்பிள்ளை என்று ஆயுசுக்கும் இந்த மலை ஏற முடியுமா என்று கேட்டார். கடைசியில் ஷெர்லின் அழுததற்காக ஒரே ஒரு தடவை வந்து பார்ப்பதாக ஒத்துக்கொண்டார். வழியில் உடம்புக்கு முடியாமல் போனால் பேச்சு அதோடு முடிந்தது.

லாசர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைப் பார்த்தால், கவர்னர் வருகிறார் என்று நினைப்பீர்கள். முதல் நாள் இரவு சேலத்திலேயே தங்கச் சொன்னார். காலையில் ஒரே ஒரு இட்லி, முன்சீட்டு, திறந்த ஜன்னல், கையில் எலுமிச்சம்பழம். ஆன்மேரி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாராம். அவர்கள் காரிலேயே வரட்டும், அடிவாரத்திலிருந்து தானே ஓட்டிக்கொண்டு வருவதாக இவர் திட்டம்.

அங்கேதான் நான் புத்தி கெட்டவளாக நடந்துகொண்டேன். புதன்கிழமை விடிந்ததும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தபோதே சொல்லிவிட்டேன்.

"இன்னிக்கு நீங்க டிரைவரு இல்லீங்க. பொண்ணோட அப்பன். சாவியத் தொடவே கூடாது."

எனக்கு ஆசை, வேறென்ன. வாழ்நாளெல்லாம் ஊரார் பின்னால் சாய்ந்து உட்கார, இவர் முன்னால் ஓட்டிக்கொண்டே இருக்கிறார். ஒருநாளாவது இவரும் சாய்ந்து உட்காரட்டும் என்று நினைத்தேன். அவர் ஜீப் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பினார்.

சமையலை ஷெர்லினிடம் விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் முதல் பஸ்ஸில் அடிவாரத்துக்கு இறங்கினோம். அவர்கள் வந்து காத்திருந்தார்கள். ஆன்மேரி எலுமிச்சம்பழத்தோடு முன்சீட்டில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். தபால்காரரோ பெரிய டிபன் கேரியரைத் திறந்துவைத்து, சாப்பிடாமல் வண்டி ஏறக்கூடாது என்று இவரைப் பிடித்துக்கொண்டார். நெய் மிதக்கும் பொங்கல், நாலு வடை. சம்பந்தியாக வரப்போகிறவர் ஆசையாக வைக்கும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஐந்தாவது வடையையும் இவர் வாங்கித் தின்றார்.

ஜெப்சன் ஓட்டினான். நல்ல பையன், ஆனால் கடற்கரைக்காரன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தூக்கிப்போட்டான். பின்சீட்டில் நடுவில் மாட்டிக்கொண்ட இவருடைய வலது கால் தானாகவே பிரேக் மிதித்தது. அது போதாதென்று தபால்காரர் ஃபோனை எடுத்து, வீடு கட்டிய படம், பசுமாடு கன்று போட்ட படம் என்று ஒவ்வொன்றாக இவர் மூக்குக்கு நேரே நீட்டினார். இவரும் மரியாதைக்குக் குனிந்து குனிந்து பார்த்தார். முன்னால் ஆன்மேரி தூரத்து வளைவை முறைத்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தார். ஒன்பது, பத்து, பதினொன்று என்று நான் வளைவுப் பலகைகளை எண்ணிக்கொண்டே ஜெபம் பண்ணினேன். அத்தனை ஜெபமும் அந்தம்மாவுக்கு. பக்கத்தில் இருந்தவரை நான் பார்க்கவே இல்லை.

பதின்மூன்றாவது வளைவு தாண்டியதும் ஆன்மேரி எதற்கோ திரும்பினார். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார்.

"வண்டிய நிறுத்துடா. அந்த மூஞ்சி எனக்குத் தெரியும்."

இருபத்தேழு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் தடவை இந்த மலையை ஏறி இறங்கிய மனிதர், தடுப்புச்சுவர் ஓரமாக உட்கார்ந்து அஞ்சு வடையையும் வெளியே எடுத்தார். தபால்காரர் சிரித்துவிட்டார். ஆன்மேரி ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பு நின்றது. பிறகு அந்தம்மாவே வந்து, தனக்காக இவர் ஜீப்பிலிருந்து எடுத்துவந்திருந்த பேப்பர் பையை ஒரு கையால் பிடித்து, இன்னொரு கையால் இவர் நெற்றியைத் தாங்கிக்கொண்டார். நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றேன். காரியம் கெட்டது, என் மகளின் வாழ்க்கையை நானே கெடுத்தேன் என்று உள்ளே அழுகையாக வந்தது.

முகம் கழுவியதும் ஜெப்சன் பையை வாங்கிக் கீழே எறியப் போனான். பேச முடியாத நிலையிலும் இவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கூடாது என்று தலையாட்டினார். ஆன்மேரி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் தான் இந்தக் கோலத்தில்தான் போய் இறங்குவதாகவும், பார்க்கிறவர்கள் சிரித்திருக்கிறார்களே தவிர எப்படி உட்கார வேண்டும் என்று ஒருத்தரும் இதுவரை சொல்லிக்கொடுத்ததில்லை என்றும் மெதுவாகச் சொன்னார். பிறகு மகன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கினார்.

"எனக்கு ஒண்ணும் ஆகல, பாத்தீங்களா? உங்க சொல்லக் கேட்டேன், நல்லா இருக்கேன். நீங்கதான் கேக்கல. வண்டிய எடுங்க, சம்பந்தி."

சம்பந்தி என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. இவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. ஸ்டீயரிங்கில் கை வைத்ததும் முகத்தில் ரத்தம் திரும்பிவிட்டது. அதற்கப்புறம் வண்டி ஆடியதே தெரியவில்லை. எஸ்டேட் பக்கம் வந்ததும் என்ன இது மல்லிகை மாதிரி வாசம் என்று ஆன்மேரி கேட்டார். போன வாரத்து மழைக்குக் காபி பூத்திருக்கிறது என்று இவர் வண்டியை நிறுத்திக் காட்டினார்; பறிக்கவேண்டாம், அத்தனையும் பழமாக வேண்டியது என்று அங்கேயும் ஒரு சட்டம் போட்டார்.

எங்கள் வீட்டில் ஆன்மேரி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு நேராகப் பேச்சுக்கு வந்தார். கல்யாணம் மேலேயே, எங்கள் சர்ச்சில் இருக்கட்டும். தங்கள் பக்கத்து ஜனம் அறுபது பேர் வருவார்கள், பாதிப் பேர் தன்னைப்போல வாந்தி எடுக்கிற கூட்டம். வேறு டிரைவர் யாரையும் நம்பித் தன்னால் அனுப்ப முடியாது.

"அத்தன பேரையும் நீங்கதான் ஏத்திக்கிட்டு வரணும், சம்பந்தி."

பெண்ணைப் பெற்றவன் கல்யாணத்தன்றும் வண்டி ஓட்டுவதா? எனக்குச் சுருக்கென்றது. இவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த ஆசையை நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"ஓட்டுங்க," என்றேன். "ஆனா புள்ள கையப் புடிச்சு சர்ச்சுக்குள்ள கூட்டிட்டு வர்றதுக்கு முந்தி, சாவிய எங்கிட்டக் குடுத்துப்போடோணும்."